பிரெடி இல்லாத வெம்பிளி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிறு இரவு நீ போனில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் இசைக்குழுவின் பாடகர் போய் ஆறு கிழமைதான் ஆகிறது. அடுத்த மாதம் அவனுக்கான நினைவு நிகழ்ச்சியில் நீங்கள் நாலு பேரும் அவன் இல்லாமல் முதல் தடவையாக மேடை ஏறப்போகிறீர்கள். அவன் எழுதிய பாட்டுகளைப் பாடுவதா, பாடினால் யார் பாடுவது, அல்லது பிறகு நீங்களாகச் செய்த புதுப் பாட்டுகளை வாசித்துவிட்டு இறங்குவதா என்று உங்களுக்குள் பெரிய சண்டை என்றாய். அவன் வரியை என் வாயால் பாட எனக்கு என்ன உரிமை அப்பா என்று கேட்டாய். நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1992இல் நான் லண்டன் வெம்பிளி மைதானத்துக்குப் போன கதை உனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். இன்று அதை முழுதாகச் சொல்கிறேன். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு நாள்தான்.

நான் லண்டனுக்கு வந்தது 1987. குயீன் என்ற ஆங்கில ராக் குழு தன் பாடகர் பிரெடி மெர்குரியோடு கடைசியாக மேடை ஏறியது அதற்கு முந்தைய வருடம், நெப்வேர்த்தில், ஓகஸ்ட் 9. ஒரு வருடத்தில் தவறவிட்டேன். பெற்றோல் செட்டில் இரவு வேலை. என்னோடு நின்ற ஆங்கிலேயப் பெடியன் கல்லாவுக்குக் கீழே ஒரு டேப் ரெக்கோர்டர் வைத்திருந்தான். அவனிடம் இருந்தது எல்லாமே குயீன் கசெட்தான். எனக்கு அப்போது ஆங்கிலப் பாட்டு பாதிதான் விளங்கும். அந்தக் குரலை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தேவைப்படவில்லை. பிரெடி சன்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, வீட்டில் வைத்த பெயர் ஃபரோக் புல்சாரா, இந்தியாவில் பஞ்ச்கனியில் விடுதியில் இருந்து படித்தவர், 1964இல் சன்சிபாரில் நடந்த புரட்சிக்குப் பிறகு குடும்பத்தோடு ஓடிவந்து ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஃபெல்தமில் குடியேறியவர் என்றெல்லாம் அந்தப் பெடியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிவந்த குடும்பம் என்று அவன் சொன்ன அன்று இரவு நான் ஒரே கசெட்டை நாலு தடவை போட்டேன்.

1991 நவம்பர் 23, சனிக்கிழமை, தனக்கு எய்ட்ஸ் என்று பிரெடி அறிக்கை விட்டார். அடுத்த நாள் இரவு இறந்துவிட்டார். வயது 45. திங்கள் விடியற்காலையில் செட் வாசலில் வந்து விழுந்த பத்திரிகைக் கட்டின் கயிற்றை வெட்டியது நான்தான். எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அவர் முகம். அன்று காலை காசு கட்ட வந்த சிலர் அந்த நோயைப் பற்றிச் சொன்னவற்றை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பம் இல்லை. அந்தக் காலம் அப்படி இருந்தது. பயமும் அருவருப்பும் ஒன்றாகவே வரும்.

அடுத்த பெப்ரவரியில் பிரிட் இசை விருது மேடையில் குயீனின் கிட்டார்காரர் பிரையன் மேயும் டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லரும் வெம்பிளியில் நினைவுக் கச்சேரி நடக்கும் என்று அறிவித்தார்கள். வேறு யார் யார் பாடப்போகிறார்கள் என்ற பெயர் எதுவும் வரவில்லை. அப்படி இருந்தும் 72,000 டிக்கெட்டும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பெடியன் எப்படியோ இரண்டு எடுத்தான். ஒன்று அவன் காதலிக்கு. அவளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, அதனால் நான் போனேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். வெம்பிளி பார்க் ஸ்டேஷனில் இறங்கி அந்த நீளப் பாதையில் நடந்தோம். நீ பார்த்திருப்பது இப்போதைய வளைவு உள்ள மைதானம். அப்போது இரண்டு வெள்ளைக் கோபுரம் இருந்தது. பழைய மைதானத்தை இடித்துவிட்டு 2007இல்தான் இதைத் திறந்தார்கள். உள்ளே போகும்போது பலருடைய சட்டையில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான சிவப்பு நாடா குத்தியிருந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரியும் இருந்தார்கள், திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரியும் இருந்தார்கள். எனக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

முதலில் மெட்டாலிக்கா குழு வந்தார்கள். மூன்று பாட்டு, மூன்றும் அப்போது கடைசியாக வந்திருந்த அவர்களுடைய இசைத்தட்டில் இருந்து. நன்றாக வாசித்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு பிரையன் மே ஒரு குழுவை அழைத்தார். குயீன் என்பது என்ன என்று மற்ற எல்லாரையும் விட இவர்களுக்குத் தெரியும் என்ற கருத்தில் அவர் ஏதோ சொன்னார். வந்தவர்கள் எக்ஸ்ட்ரீம். அமெரிக்காவில் பொஸ்டன் பக்கத்துப் பெடியன்கள். கிட்டார் வாசிக்கும் நூனோ பெட்டன்கோர்ட் போர்த்துகலின் அசோர்ஸ் தீவில் பிறந்தவர். அதற்கு முந்தைய வருடம் அவர்களின் 'மோர் தேன் வேர்ட்ஸ்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிருந்தது. எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அதுதான்.

அவர்கள் தங்கள் பாட்டோடு தொடங்கவில்லை. அவர்களின் பாடகர் கேரி செரோன் குயீனின் 'முஸ்தபா' பாட்டின் அந்த அழைப்பை இழுத்தார். பிள்ளை, அது 1978இல் வந்த ஒரு பாட்டு. பெரிய ஹிட் ஒன்றும் இல்லை. குயீனை அடி ஆழத்தில் இருந்து கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். அந்த ஒரு இழுப்பில் மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது, இவர்கள் நம்மவர்கள் என்று. என் பெடியன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். தங்களுக்குக் கிடைத்த நேரத்தை இவர்கள் பிரெடிக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்றாக வந்துகொண்டே இருந்தது. 'போஹீமியன் ராப்சடி'யின் அந்த ராக் பகுதி, 'கீப் யுவர்செல்ஃப் அலைவ்', சைக்கிள் பாட்டு, அப்புறம் இன்னும் கன பாட்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான். ஒரு பாட்டை அடையாளம் கண்டு வாய் திறப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். 'ரேடியோ கா கா' வந்ததும் கைகள் எல்லாம் தலைக்கு மேலே போயின. 1985இல் லைவ் எய்ட் என்ற உதவிக் கச்சேரி நாளில் அதே மைதானத்தில் பிரெடி முன்னால் நின்று தட்டவைத்த அதே கைதட்டு. அந்தப் படத்தை நான் வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று என் கையும் அதற்குள் இருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்ததால் கடைசி வரிசை வரை கைகள் தெரிந்தன.

செரோன் பிரெடியைப் போலப் பாடினாரா என்று கேட்டால், இல்லை. துள்ளுவதிலும் ஓடுவதிலும் பிரெடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று தெரிந்தது. குரல் அவருடையதாகவே இருந்தது. பிரெடி எட்டும் இடத்துக்கு எட்டாத இடங்களில் அதை மறைக்கவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் சேர்ந்து பாடி அந்த இடத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதன் பிறகு நூனோ சாதாரண கிட்டாரை எடுத்துக்கொண்டு 'லவ் ஆஃப் மை லைஃப்' தொடங்கினார். 1975 தட்டில் அது பியானோவில் வரும். மேடையில் பிரையன் மே கிட்டாரில் வாசிப்பார், பிரெடி பாதியில் நிறுத்திவிட்டுச் சனங்களைப் பாடவிடுவார். அது அவர்களுக்குள் இருந்த ஒரு வழக்கம். எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றார். 1986இல் இதே மைதானத்தில் குயீனைப் பார்த்தவர் என்று முதலே சொல்லியிருந்தார். அந்தப் பாட்டு தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மேடையில் அவர்கள் அதில் கொஞ்சம்தான் பாடினார்கள், பிறகு அதே கிட்டாரில் தங்கள் 'மோர் தேன் வேர்ட்ஸ்' பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா போகவில்லை. தன் பாட்டை மெதுவாகக் கடைசி வரி வரை பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். திறந்ததும் என்னைப் பார்த்தார். நானும் அழுதுகொண்டிருந்தேன். ஊரில் இருந்து வந்த பிறகு நான் வெளி ஆட்கள் முன்னால் அழுதது அன்றுதான்.

அன்று அவர்கள் முழுதாகப் பாடிய சொந்தப் பாட்டு அது ஒன்றுதான். அதையும் பிரெடியின் பாட்டுக்குப் பின்னால், அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கொண்டுவந்தார்கள். எனக்கு அது மிகப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மிச்சக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. நடிகை எலிசபெத் டெய்லர் வந்து எய்ட்ஸ் பற்றி நேராகவே பேசினார், பாதுகாப்பாக இருங்கள் என்று. டேவிட் போவி முழங்காலில் நின்று ஜெபம் சொன்னார். ஜார்ஜ் மைக்கேல் 'சம்படி டு லவ்' பாடினார். அன்றைய உச்சம் அதுதான் என்று உலகம் முழுக்கச் சொல்லும், பெடியனும் இன்றுவரை அதைத்தான் சொல்கிறான். கடைசியில் லைசா மினெல்லி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு பாடினார். அந்தக் கச்சேரியில் சேர்ந்த காசில்தான் எய்ட்ஸ் வேலைகளுக்காக மெர்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு ஏப்ரல் 20ஆம் திகதியும் பெடியனும் நானும் போனில் கதைப்போம். அவனுக்கும் இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. ஜார்ஜ் மைக்கேலா எக்ஸ்ட்ரீமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஜார்ஜ் மைக்கேலின் குரலுக்கு முன்னால் செரோனின் குரல் நிற்காது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜார்ஜ் மைக்கேல் பாடியபோது நான் அவரைப் பார்த்தேன். எக்ஸ்ட்ரீம் பாடியபோது நான் பிரெடியை நினைத்தேன். செரோனை அன்று இரவே குயீன் தங்களோடு சேர்த்து 'ஹேமர் டு ஃபால்' பாடவைத்தார்களே, அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நான் சொல்வேன். பெடியன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

2022 செப்டம்பரில் நீயும் நானும் சேர்ந்து ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் டெய்லர் ஹோக்கின்ஸ் நினைவுக் கச்சேரியைத் திரையில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அதுவும் வெம்பிளிதான், புதுக் கட்டடம். தகப்பன் இருந்து வாசித்த டிரம்ஸில் 16 வயது மகன் ஷேன் ஏறி இருந்து 'மை ஹீரோ' வாசித்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பிள்ளை அடித்த அடியில் எத்தனை சரி, எத்தனை பிழை என்று உனக்குக் கணக்கு இருந்ததா? அதே மேடையில் பிரையன் மே தனியாக நின்று 'லவ் ஆஃப் மை லைஃப்' வாசித்தார், சனங்கள் பாடினார்கள். முப்பது வருடம். நான் ஏன் எழும்பிக் குசினிக்குப் போனேன் என்று நீ அப்போது கேட்டாய். இதுதான் காரணம்.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவன் பாட்டுகளைப் பாடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டோடு தொடங்க வேண்டாம். அவனோடு பயிற்சிக்கு வந்து உட்கார்ந்த ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது இருக்கும், பாதியில் விட்ட ஒரு பாட்டு, அவன் மைக் சரிபார்க்கும்போது எப்போதும் இழுக்கும் ஒரு ராகம். அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் புதுப் பாட்டில் ஒன்றைக் கடைசியில் வையுங்கள், அது அவன் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியதாக இருந்தால். நீ பாடு. உன் குரலிலேயே பாடு, அவன் எட்டும் இடத்துக்கு எட்டவில்லை என்றால் விடு, கீழே நிற்பவர்கள் தூக்குவார்கள். உரிமை பற்றிக் கேட்டாய். ஐந்து வருடம் அவன் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தவள் நீ. உனக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு?

எங்காவது ஒரு இடத்தில் நீங்கள் பாடாமல் வாத்தியத்தை மட்டும் வாசித்துக்கொண்டு இருங்கள். யாராவது பாடுவார்கள். பாடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன், முதல் நாள் மாலையே வந்துவிடுவோம். எங்களுக்கு அறை ஒன்றும் தேடாதே, அந்த நாளில் உனக்கு வேறு வேலை இருக்கும். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். அந்தப் பிள்ளையின் தாய் வருவாரா? வருவார் என்றால் எந்தப் பக்கம் இருப்பார் என்று சொல்லு. அம்மா அவருக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறார்.

அன்புடன்,
அப்பா