நடேசய்யரைப் பற்றி வீட்டில் பேசுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்,

போன வாரம் தரம் 9 பிள்ளைகளிடம் கோ. நடேசய்யர் யார் என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. பிள்ளைகள்மேல் குறையில்லை, நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய அவர் பெயர், அட்டனில் வளரும் பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது எனக்கு மனக்கஷ்டமாகிவிட்டது.

அவர் தோட்டத்தில் பிறந்தவர் இல்லை. தஞ்சாவூர்க்காரர், பிராமணர், பத்திரிகைக்காரர். 1920 வாக்கில் இலங்கைக்கு வந்தவர் கொழும்பிலேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்தை நிர்வகித்த துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடுவார்கள், அதனால் அவர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன் எப்படித் தீராமலே வளர்கிறது, சம்பளம் எங்கே போகிறது என்பதையெல்லாம் நம் ஆட்களின் வாயிலிருந்தே கேட்டறிந்தார். கேட்டதை ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளில் எழுதினார்.

கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு தொழிற்சங்க வேலை செய்தார். அப்புறம் இந்தியத் தொழிலாளர் விஷயத்தில் இருவரும் பிரிந்தார்கள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே அட்டனில் சம்மேளனம் தொடங்கினார், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனார்.

அவர் மனைவி மீனாட்சியம்மையை விட்டுவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை எட்டாது என்பதால், தெரிந்த மெட்டுகளில் பாட்டு எழுதிக் கூட்டங்களில் அவரே பாடினார். நம் பெண்பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவரைத்தான் என்பேன்.

1947 தேர்தலில் மஸ்கெலியாவில் தோற்றார் நடேசய்யர், அதே வருடம் நவம்பரில் இறந்தும் போனார். மறுவருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் நம் குடும்பங்கள் நாடற்றவர்களாகி, பிறகு வாக்குரிமையும் போன கதை உங்களுக்குத் தெரியும், அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் பாடசாலையில் சின்னக் கண்காட்சி வைக்கிறோம். அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது பிரட்டுக்களம் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடம்), பெரிய கங்காணி, சங்கக் கூட்டம் பற்றி வீட்டில் கேட்ட கதை வைத்திருந்தால், பிள்ளையை ஒரு மாலை பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளை எழுதிக்கொண்டு வரட்டும். பழைய சங்கச் சந்தா ரசீது, துண்டுச் சீட்டு, படம் ஏதாவது இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம், தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

அன்புடன்,
அதிபர்