கருமபீடத்தில் எனக்காகக் கதைத்த அக்காவுக்கு

அக்கா,

வருகிற செவ்வாய்க்கிழமை நான் நாரஹேன்பிட்டியில் உள்ள ஈ.ரி.எப். அலுவலகத்துக்குத் தனியாகப் போகிறேன். நீ விடுமுறை எடுக்க வேண்டாம். அத்தானை வாகனத்தோடு அனுப்பவும் வேண்டாம். ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியப் பணத்தை முதல் தடவை எடுத்து ஐந்து வருடம் போன மாதத்தோடு நிறைந்துவிட்டது. இந்த வேலையும் போய்விட்டது. ஆகவே விதிப்படி நான் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். படிவத்தை நிரப்பிவிட்டேன். பழைய அலுவலகம் நிரப்ப வேண்டிய பகுதியிலும் கையொப்பமும் முத்திரையும் வாங்கியாகிவிட்டது. போய் வாங்கியது நான்தான்.

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். "நானும் வருகிறேன்" என்று உடனே பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். நேரில் சொன்னால் என் வாக்கியத்தின் மறுபாதியை நீ சொல்லிவிடுவாய். எல்லோரும் படிக்கும் இந்தப் பக்கத்தில் எழுதினால் கடைசி வரிவரை நான் மட்டும்தான் பேசுவேன். உன் மாமியார் வீட்டில் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பெயர்கள் எதையும் எழுதவில்லை. மட்டக்குளி வீட்டு விஷயத்தைத் தொடப்போவதும் இல்லை, பயப்படாதே.

அந்தப் பணத்துக்கு முதல் தடவை விண்ணப்பிக்கப் போன 2020 ஓகஸ்ட் மாதத்து அந்தக் காலைப்பொழுதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதே இல்லை. உன்னைப் பொறுத்தவரை அது நல்லபடியாக முடிந்த ஒரு வேலை. பணம் கிடைத்தது, மருந்துக்கடைக் கடனும் அம்மாவின் கண்ணாடிச் செலவும் தீர்ந்தன. எனக்கோ அந்த நாள் இன்னும் முடியவில்லை.

பொரளையில் பஸ் மாறியபோதே நான் ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் மனதுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டேன். "இது என்னுடைய விண்ணப்பம், நான்தான் அங்கத்தவர்." அவ்வளவுதான். அந்த அலுவலகம் இருக்கும் மெஹெவர பியச கட்டட வாசலில் உடல் வெப்பம் பார்த்தபோதும் சொன்னேன். லிப்டுக்குள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் சொன்னேன். மேலே, தரையில் இடைவெளி காட்டி ஒட்டிய வட்டங்களில் நின்றபோது அது வாயில் நன்றாகப் படிந்துவிட்டது. நீ கைப்பையில் வங்கிப் புத்தகத்தின் பிரதியைத் தேடிக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நம் முறை வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த அலுவலர் என்னைத்தான் பார்த்தார். யாருடைய விண்ணப்பம் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. பேனையைக் கீழே வைத்தார். நான் அடையாள அட்டையைக் கையில் பிடித்திருக்க முடியாமல் மேசையில் வைத்தேன். நாக்கு உலர்ந்துவிட்டது, காதுக்குள் இதயம் அடித்தது. இதெல்லாம் நீ சிறுவயதிலிருந்தே பார்த்தது. நீ பார்க்காதது அதற்கு அடுத்து நடந்ததுதான். அந்த நடுக்கம் ஏறக்கூடிய உயரம்வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது. யாரும் அவசரப்படுத்தாமல் விட்டால் அது இறங்கும் என்பதை என் வாழ்க்கையில் முதல்தடவையாக அங்கேதான் உணர்ந்தேன். முகக்கவசத்துக்குள் என் வாய் திறந்துவிட்டது. முதல் சொல் தொண்டைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் நீ என் தோளுக்கு மேலாகக் குனிந்தாய். "தங்கைக்குக் கதைக்க முடியாது மிஸ். மனதில் கொஞ்சம் சுகமில்லை."

அந்த அலுவலரின் முகத்தில் இரக்கம் வந்தது. அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் உன்னிடம் கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். என்னைச் சிரமப்படுத்தக்கூடாது என்றுதான் நினைத்திருப்பார். என் பிறந்த திகதியை நீ சொன்னாய். என் வேலையின் பெயரை நீ சொன்னாய். எந்த வருடம் சேர்ந்தார் என்று அவர் கேட்டபோது நீ ஒரு வருடம் பிந்திச் சொன்னாய். சரியான வருடம் எனக்குத் தெரியும். உன் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வட்டங்களில் நின்றவர்களின் பார்வை முதுகில் படுவது தெரிந்தது. கையொப்பம் போடச் சொன்னபோது, எங்கே போடுவது என்று விரல் வைத்துக் காட்டியவளும் நீதான்.

எனக்கு அப்போது 29 வயது, அக்கா. கணக்குப் பிரிவில் மாதமுடிவுக் கணக்குகளைத் தனியாக முடித்துக் கொடுத்தவள் நான்.

அன்று மாலை எனக்கு நீ வாங்கித் தந்த ஐஸ்கிரீமை நான் சாப்பிட்டேன். நீ களைத்திருந்தாய். உன் அரைநாள் சம்பளம் போயிருந்தது. நன்றி சொன்னேன், அது உண்மையான நன்றி. உன்னோடு இனி எங்கும் வரமாட்டேன் என்று நான் முடிவெடுத்ததும் அதே மேசையில்தான். இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றதை நீ நம்பமாட்டாய் என்றுதான் இவ்வளவு காலம் இரண்டையுமே சொல்லாமல் இருந்தேன்.

இந்தப் பத்தி உனக்கல்ல, வேலை போன பிறகு இந்தப் பக்கத்துக்கு வந்து சேரும் மற்றவர்களுக்கு. வேலையிழந்தவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும் காப்புறுதி நம் நாட்டில் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12 போகிறது. ஆனால் பெண் 50 வயதையும் ஆண் 55 வயதையும் எட்டும்வரை அது பூட்டியே கிடக்கும். பத்து வருடம் கட்டியவர்கள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ அதில் நூற்றுக்கு 30 வரை எடுக்க ஒரு வழி உண்டு. வேலை இல்லை என்பது அந்தக் காரணங்களில் வராது. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் அந்தப் பணத்தை எடுக்கலாம், வேலை பறிபோன பெண் எடுக்க முடியாது. 1958 இல் எழுதிய சட்டம் அது. "கலியாணத்தைக் கட்டினால் காசும் கிடைக்கும்" என்று நம் உறவினர் ஒருவர் என்னிடம் சொன்னபோது அதை எந்தச் சட்டத்திலிருந்து எடுத்தார் என்று பிறகுதான் விளங்கியது. பணிக்கொடைக்கு ஒரே இடத்தில் ஐந்து வருடம் நிறைய வேண்டும், எனக்கு நிறையவில்லை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித்திட்டம் 2023 இல் வந்தது. அது குடும்பத்தின் வறுமையை அளக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்து எல்லாவற்றையும் கேட்பார்கள், பட்டியலைப் பலர் பார்க்கும்படி வைப்பார்கள், அதற்கு மற்றவர்கள் ஆட்சேபம் சொல்லவும் இடமுண்டு. மனிதர் முகத்தைக் கண்டாலே உடல் பதறும் ஒருத்திக்கு அது என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எஞ்சியிருப்பது 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஊழியர் நம்பிக்கை நிதியம். முதலாளி தன் கையிலிருந்து மாதம் நூற்றுக்கு 3 கட்டுவது. வேலையை விட்டதும் எடுக்கலாம். எடுத்தால் அடுத்ததற்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். பெரிய தொகை அல்ல. ஆனால் அது என் உழைப்பின் பெயரில் விழுந்த பணம். யாருடைய இரக்கத்திலும் வந்ததல்ல.

அதனால்தான் அந்தக் கருமபீடத்தில் "சுகமில்லை" என்று நீ சொன்னது இவ்வளவு வலித்தது. நான் அங்கே இரந்து நிற்கவில்லை.

இனி, இராஜினாமாக் கடிதத்தில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி. இதில் நான் கவனமாக எழுத வேண்டும், நான் வேலை செய்த அலுவலகத்தில் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய 1971 ஆம் ஆண்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்கும் தெரியும். பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதனால்தான் நிறுத்தல் கடிதம் கொடுக்காமல் இராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டுகிறார்கள். கூட்ட அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் பலர், இந்தப் பக்கம் நான். கதவு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையைவிட்டு வெளியே போக அந்த நேரத்தில் என் உடலுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் தாள்தான். சட்டத்தை வாசித்தவர்கள்கூட அங்கே போட்டிருப்பார்கள். நீ அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்து. குறிப்பாகச் சாப்பாட்டு மேசையில், அத்தானின் முன்னால்.

நான் கிளினிக்குக்குப் போவது உனக்குத் தெரியும். அரசாங்க மருத்துவமனை, காசு இல்லை. முதல்தடவை போவதற்கு முன் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைப் பல இரவுகள் அழுத்தி, மணி அடிப்பதற்கு முன் துண்டித்திருக்கிறேன். நல்ல சேவை அது, பலரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் தொலைபேசியில் அறிமுகமில்லாதவரோடு கதைப்பதுதானே என் வருத்தமே. கடைசியில் நேரே போய் வரிசையில் உட்கார்ந்தேன். சமூகப் பதகளிப்பு, அதாவது மற்றவர் முன்னால் வரும் கடும் பயம், என்று கொப்பியில் எழுதினார்கள். நீ நினைக்கிற மாதிரி இது கூச்சமோ, அம்மாவின் செல்லமோ அல்ல. வைத்தியர் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் உனக்குச் சொல்கிறேன்: ஒருவர் விலகிப்போகும் ஒவ்வொரு தடவையும், அவருக்காக வேறொருவர் பேசிவிடும் ஒவ்வொரு தடவையும், பயம் சொன்னதுதான் சரி என்று மூளை பதிந்துகொள்ளுமாம். அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் பயங்கரமான கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

கொச்சிக்கடையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் யுத்த காலத்தில் அந்தச் சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் கடந்தேன்.

2007 ஜூன் மாதம் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரை இரவோடிரவாக எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்ததே, அந்த வாரம். நாம் கொழும்பிலேயே பிறந்தவர்கள், பொலிஸ் பதிவும் இருந்தது, ஆனாலும் அம்மா நம்மைத் தனியாக வெளியே விடவில்லை. எனக்கு 16, உனக்கு 22. டியூஷன் முடிந்து வரும் வழியில் அந்தச் சாவடியில் நிறுத்தினார்கள். எங்கே இருந்து வருகிறாய் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குக் குரல் வரவில்லை. பதில் வராதது அங்கே என்ன அர்த்தம் கொள்ளப்படும் என்பது உனக்குத் தெரியும். நீ எனக்கு முன்னால் வந்து நின்று, மூச்சுவிடாமல், திருத்தமான சிங்களத்தில், நம் பாடசாலை, நம் தெரு, அப்பாவின் வேலை எல்லாவற்றையும் சொன்னாய். உன் கை பின்புறமாக என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அதற்குமேல் இங்கே எழுதவில்லை.

இடையில் ஒரு விநாடி இடைவெளி விட்டால்கூட ஆபத்து என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் காலம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் 2020 இல் நம்மைக் கேட்டவர் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. பேனையைக் கூடக் கீழே வைத்துவிட்டார்.

உன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு நான் வந்து பாதியில் போய்விட்டதைப் பற்றி. மன்னித்துக்கொள். அவள் என்னைத் தேடினாள் என்று அம்மா சொன்னார். அது என்னை இன்னும் அரிக்கிறது. ஆனால் ஆராத்தி எடுக்க என் பெயரை ஒலிவாங்கியில் அழைக்கச் சொன்னது நீ. நான் முன்கூட்டியே வேண்டாம் என்றேன். "எல்லோரும் நம் ஆட்கள்தானே" என்றாய். வெள்ளவத்தை மண்டபம் நிறைய நம் ஆட்கள், அவர்களில் பாதிப்பேர் நான் ஏன் வேலையில் இல்லை என்று கேட்கக் காத்திருந்தவர்கள். பிள்ளையிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் உன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள். இதை எழுதியிருக்கக்கூடாது, அழிக்கவும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குக் குரல் வராமல் போகலாம். அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். விவரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அதை நீட்டுவேன். அது என் கையெழுத்து, நான் சேர்ந்த வருடம் அதில் சரியாக இருக்கும். வரிசையில் நின்று நடுங்கினால் நடுங்குவேன். இன்னொரு நாள் போக வேண்டி வந்தால் போவேன். அந்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்காதே. அம்மாவையும் அழைக்க விடாதே.

அன்று மாலை ஆறு மணிக்குப் பிறகு உன் வீட்டுக்கு வருவேன். பிளேன்ரீ மட்டும் போதும். நடந்ததைச் சொல்வேன், மெதுவாகத்தான் சொல்வேன், இடையில் நிறுத்துவேன். நிறுத்தும்போது நீ பேசாமல் இரு.

இன்னொன்று. 2020 இல் நீ எனக்காகக் கட்டிய வாடகையை நான் கணக்கு வைத்திருக்கிறேன். இந்தப் பணம் வந்ததும் அதில் ஒரு பகுதியை உன் கணக்கில் போடுவேன். மீதியை அடுத்த வேலை கிடைத்ததும். வேண்டாம் என்று சொல்லாதே அக்கா, சொன்னாலும் போடுவேன்.