திறப்பு கையில, கார் இல்லை

ஸ்காபரோ, கனடா
16.03.2025

அன்புள்ள தேவா,

உன்ர கடிதம் கிடைச்சது. கராஜைப் பெடியனிட்டக் குடுத்துப்போட்டுப் பின்னேரங்களில கோயிலடியில இருந்து கதைக்கிறாய் எண்டு வாசிக்கச் சந்தோசமா இருந்தது. முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு இருக்காதை, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டு. இஞ்ச நாங்கள் சுகம். சின்னவள் நேர்சிங் முடிக்கிறாள். மாமிதான் நல்லாத் தளர்ந்துபோனா.

வாகன இறக்குமதி திறந்தாச்சு, மருமகன் பட்டன் அமத்தி ஸ்ராட் பண்ணுற கார் ஒண்டு எடுக்கப்போறார், என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டிருந்தாய். அதுக்கு ஒரு வரியில பதில் எழுத ஏலாது மச்சான். போன வருசம் ஜனவரியில எங்கட காரைக் களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள். மனம் சரியில்லாததால உனக்கு அப்ப எழுதேல்லை.

இரவு முழுக்கப் பனி கொட்டிப்போட்டு விடியத்தான் விட்டிருந்தது. மாமியை டயலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆறு மணிக்குக் கதவைத் திறந்தன். வாசல் முழுக்க வெள்ளை, நடுவில கறுப்பா ஒரு நீள்சதுரம் தார். கார் நிண்ட இடம். ரண்டு ரயர்த் தடம் வளைஞ்சு றோட்டுக்குப் போகுது. உடைஞ்ச கண்ணாடி கிடக்கா எண்டு குனிஞ்சு தேடினன், ஒரு துண்டு இல்லை. திறப்பு உள்ளுக்குப் பிள்ளையார் படத்துக்குக் கீழ ஆணியில தொங்குது. மற்றத் திறப்பு அலுமாரிக்குள்ள. மாமி பிடிச்சு நடக்கிற வண்டில் காருக்குப் பின்னால கிடந்தது, அதுவும் போட்டுது. "கார் போனால் போகட்டும் தம்பி, அது எனக்குக் கைபழகின வண்டில்" எண்டா மாமி. காப்புறுதிக் காசு பிறகு வந்தது. அந்தச் சொல்லுத்தான் இண்டைக்கும் மனசில கிடக்கு.

முன்வீட்டுக் கமெராவில பார்த்தம். விடிய 3 மணி 12 நிமிசம், ரண்டு பேர். ஒருத்தன் எங்கட முன்கதவடிக்கு வந்து, படச்சட்டம் மாதிரி ஒரு வளையத்தைக் கதவோட ஒட்டி மெல்ல மேலையும் கீழையும் நகர்த்துறான். மற்றவன் தோளில பையோட காரடியில நிக்கிறான். கார் லைற் ஒருக்கா மின்னிச்சுது. ஒரு நிமிசம் ஆகேல்லை, ரிவேர்ஸ் எடுத்துக்கொண்டு போறாங்கள். நாங்கள் மேல் மாடியில நித்திரை.

வயரிங் செய்த உனக்கு இதின்ர சூட்சுமம் உடன பிடிபடும். நீ கைபிடியைத் தொட்டவுடன கார் தாழ்ந்த அலைவரிசையில ஒரு கேள்வி விடும். அது ஒண்டு ரண்டு மீற்றருக்குத்தான் எட்டும். பொக்கற்றில கிடக்கிற திறப்பு அதைக் கேட்டு, தன்ர இரகசியக் குறியால பதில் அனுப்பும். கள்ளன் அந்தக் குறியில கையே வைக்கிறேல்லை. கார் விடுகிற கேள்வியைக் காவிக்கொண்டு வந்து, கதவுக்கு அங்காலை தொங்கிற திறப்புக்குக் கேட்கப் பண்ணுறான். திறப்பு பக்கத்தில நிக்குதெண்டு கார் நம்புது. எஞ்சின் ஒருக்கா ஸ்ராட் ஆனால் பிறகு திறப்பு இல்லாட்டியும் நிக்காது. ஓடுற வண்டி நடுறோட்டில நிண்டால் உயிராபத்தெண்டு அப்பிடிச் செய்திருக்கினம், அது நியாயம்தான்.

எனக்குக் கோபம் வந்தது இதைப்பற்றித் தேடி வாசிச்ச பிறகு. சூரிச்சில இருக்கிற ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூண்டு பேர் 8 கொம்பனிகளின்ர 10 மொடல் காரை இப்பிடித் திறந்து பார்த்து, 2011 இலயே கட்டுரையா வெளியிட்டிட்டினம். பத்தும் திறந்திருக்கு, பத்தும் ஸ்ராட் ஆகியிருக்கு. என்ர கார் செய்து வந்தது அதுக்குப் பத்து வருசம் பிந்தி! வழி இல்லாமலும் இல்லை. அலை ஒரு நானோ செக்கனில 30 சென்ரிமீற்றர் போகும். பதில் வர எடுத்த நேரத்தை அளந்தால் திறப்பு எவ்வளவு தூரத்தில எண்டு கார் தானே கண்டுபிடிக்கலாம். இப்ப வாற சில புதுத் திறப்புகள் அதைச் செய்யுது. தெரிஞ்ச ஓட்டையை இத்தனை வருசம் திறந்து வைச்சிருந்ததை என்னால மன்னிக்க ஏலாமல் கிடக்கு.

எங்கட காரைத் திரும்பக் காணேல்லை. இஞ்ச களவு போறது கனக்க மொன்றியல் துறைமுகத்தால ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகுது. 2023 டிசெம்பர் நடுவிலயிருந்து ஒரு மூண்டு மாசம் பொலிஸ் அங்க கொன்ரெய்னர்களைத் திறந்து தேடினதில 598 வண்டி பிடிபட்டது. கனடாவின்ர நீதி அமைச்சருக்கு அரசாங்கம் குடுத்த ரொயோற்றா ஹைலாண்டர் வண்டியும் 2023 நவம்பரில களவு போய்த்தான் திரும்பக் கிடைச்சது. 2024 பெப்ரவரியில ஒட்டாவாவில இதுக்கெண்டே மாநாடு கூட்டினவை. அந்த நாட்களிலதான் ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருத்தர், கள்ளர் வீட்டுக்குள்ள வந்து உங்களை அடிக்காமல் இருக்க வேணுமெண்டால் திறப்பை முன்கதவடியில வையுங்கோ எண்டு சனத்துக்குச் சொல்லிப்போட்டார். அதைக் கேட்டு மனிசி அழுதிட்டா.

புதுக் கார் எடுத்த பிறகு திறப்பை மலிபன் பிஸ்கற் ரின்னுக்குள்ள போட்டு வைக்கத் தொடங்கினன். சும்மா நம்பேல்லை, ரின்னைக் கையில பிடிச்சுக்கொண்டு போய்க் கைபிடியைத் தொட்டுப் பார்த்தன். மூடி இறுக்கமா இருந்தால் கார் திறக்காது. ஒரு நூலளவு சரிஞ்சு இருந்தாலும் டக்கெண்டு திறக்குது. பக்கத்து வீட்டு அண்ணைக்கும் இதைச் செய்து காட்டி, இனிப் பயப்பிடாமல் படுங்கோ எண்டு சொன்னன்.

ஒக்ரோபரில ஒரு நாள் அண்ணையின்ர காரில இடப்பக்க முன்சில்லுக்கு மேல பிளாஸ்ரிக்கை உரிச்சு, லைற் வயரை வெளிய இழுத்து விட்டிருந்தது. ஆரோ இடிச்சுப்போட்டுப் போட்டாங்கள் எண்டு நினைச்சம். மூண்டாம் நாள் கார் இல்லை. திறப்பு ரண்டும் ரின்னுக்குள்ள, மூடி இறுக்கமா. நான் சொன்ன புத்தி. அண்ணை ஒரு சொல்லுச் சொல்லேல்லை, ஆனால் எனக்கு அவற்ற முகத்தைப் பார்க்கக் கஷ்டமா இருந்தது.

இதே மாதிரி 2022 இல லண்டனில இயன் ரேபர் எண்டவருக்கு நடந்திருக்கு. வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சிதான் அவற்ற தொழில். முதல் பம்பரும் லைற்றும் உரிஞ்சு கிடந்தது, பிறகு அவற்ற ரொயோற்றா ராவ்-4 கார் காணாமல் போனது. அவரும் கென் ரின்டெல் எண்ட பொறியியலாளரும் சேர்ந்து கள்ளர் பாவிக்கிற கருவியை வாங்கிப் பிரிச்சுப் பார்த்தவை. வெளியில பார்க்க ஜேபிஎல் ஸ்பீக்கர். உள்ளுக்கு ஒட்டிக்கிடந்த சாமான் எல்லாம் சேர்த்து 10 டொலர் வராது. விற்கிறது ஆயிரக்கணக்கில.

அது செய்யிற வேலை இதுதான். உன்ர காலத்தில ஒவ்வொரு லைற்றுக்கும் தனி வயர். இப்ப எஞ்சின், கதவு, பிரேக், லைற் எல்லாம் முறுக்கின ரண்டே ரண்டு வயரில கதைக்குது. கான் பஸ் எண்டுறது, பொஷ் கொம்பனி 1986 இல அறிமுகப்படுத்தினது. கோயில் மைக் மாதிரி எண்டு நினை. ஆர் பிடிச்சுக் கதைச்சாலும் ஊருக்கே கேட்கும், கதைக்கிறவன்ர முகம் தெரியாது. அந்த வயர் முன்லைற்றுக்கும் போகுது. கள்ளன் லைற் வயரில தன்ர பெட்டியைக் கொழுவி, "திறப்பைப் பார்த்திட்டன், சரியாத்தான் இருக்கு, விடு" எண்டு திறப்பைச் சோதிக்கிற பகுதியின்ர குரலில சொல்லுறான். எஞ்சின் விட்டிடும். திறப்புக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் இதுக்குப் பிரயோசனம் இல்லை.

இலத்திரனியல் கூடாதெண்டு சொல்ல வரேல்லை. அமெரிக்காவில 2021 வரைக்கும் வந்த கன கியா, ஹியுண்டாய் வண்டிகளில திறப்பின்ர சிப்பைச் சோதிக்கிற இம்மொபிலைசரே போடேல்லை, பெடியள் யூஎஸ்பி முனையால திருப்பி ஓட்டிக்கொண்டு போனவங்கள். கனடாவில அது 2007 இலயிருந்து கட்டாயம். எனக்கு வேண்டியது, ரண்டு வயரில கதைக்கிறவன் ஆர் எண்டு காரைக் கேட்கப் பண்ணுறது. அதுக்குரிய குறியாக்கம் எல்லாம் இருக்கு. கொம்பனிகள் போட வேணும், அரசாங்கம் போடச் சொல்ல வேணும்.

மருமகன் எடுக்கட்டும். ஆனால் திறப்பு எத்தினை தந்தது எண்டு எண்ணி வாங்கட்டும், ஸ்ரேறிங்குக்கு இரும்புப் பூட்டு ஒண்டு போடட்டும்.

தொண்ணூறுகளில உன்ர ஒஸ்ரின் ஏ-40 கார் ஞாபகம் இருக்கா? கொஞ்சப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின காலம். எங்க நிப்பாட்டினாலும் பொனற்றைத் திறந்து, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, றோட்டரை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில போட்டுக்கொண்டுதான் தேத்தண்ணிக் கடைக்கு வருவாய். அது இல்லாட்டி ஆராலும் காரை ஸ்ராட் பண்ண ஏலாது. உன்ர பொக்கற் எப்பவும் கறுப்பாக் கிடக்கும்.

எனக்கு இப்ப அப்பிடி ஒண்டு வேணும். பெற்றோல் பம்புக்குப் போற வயரில ஒளிச்சு ஒரு சுவிச் போடலாம் எண்டு இஞ்ச ஒரு கிளிநொச்சிப் பெடியன் சொல்லுறான். கள்ளன் எதைச் சொன்னாலும் பம்ப் ஓடாட்டி எஞ்சின் நிண்டிடும். எந்த இடத்தில வெட்டுறது, ரிலே எப்பிடிப் போடுறது, சுவிச்சை எங்க ஒளிக்கிறது எண்டு ஒரு தாளில கீறிப் படமெடுத்து அனுப்பு. ரண்டு பிரதி எடுப்பன். அண்ணைக்கும் ஒண்டு குடுக்க வேணும்.

அன்புடன்,
குணம்