பாப் வில்ஸ் பாடகர் அல்ல, குழுத் தலைவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் படங்களில் கௌபாய் வேடத்தில் பாடி நடித்த 'பாடும் கௌபாய்கள்' பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, ஜீன் ஆட்ரி, டெக்ஸ் ரிட்டர் ஆகிய பாடக நடிகர்கள் வரிசையில் அமெரிக்க நடன இசைக்காரர் பாப் வில்ஸையும் வைத்து, பாடகர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தொப்பியும் பூட்ஸும் அவருக்கும் உண்டு. 1940இல் டெக்ஸ் ரிட்டரோடு படத்திலும் வந்தார். ஆனால் அவர் குழுவில் பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் டாமி டங்கன். வில்ஸ் பிடில் (வயலின்) வாசித்தார், குழுவை நடத்தினார். அதை எப்படி நடத்தினார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதவே முடியாது.

1905இல் டெக்சஸ் மாநிலத்தில் கோசி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா பெயர் பெற்ற பிடில்காரர். பருத்தி வயலில் தன்னோடு வேலை செய்த கறுப்பின மக்களிடமிருந்து ப்ளூஸ் பாட்டு காதில் ஏறியது. கொஞ்ச காலம் முடிதிருத்தும் தொழில் செய்தார். 1931இல் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மாவு மில்லின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்த குழுவில் இருந்தார். 1933இல் அங்கிருந்து வெளியேறி, பின்னர் 'டெக்சஸ் பிளேபாய்ஸ்' என்று பெயர் பெற்ற குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஓக்லஹோமாவின் துல்சா நகருக்குப் போய்விட்டார். மதியம் கேவிஓஓ வானொலியில் வாசிப்பு, இரவில் நடனக் கூடத்தில் வாசிப்பு. டிக்கெட் வாங்கி ஆட வருகிறவர்களை நம்பித்தான் குழுவே ஓடியது.

அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் இங்கிருந்து வருகின்றன. பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் பூட்ஸோடு ஆடும்போது, பிடிலும் பேஞ்சோவும் மட்டும் வாசித்தால் தாளம் அமுங்கிப்போகும். ஆடுகிறவர் கால் தடுமாறும். அதனால் 1935இல் ஸ்மோக்கி டேக்கஸை டிரம்ஸுக்குச் சேர்த்தார். பிடில் குழுவில் டிரம்ஸ் என்பது அன்று யாரும் நினைக்காத காரியம். நான்கு தட்டுத் தாளத்தில், தாழ்ந்த ஒலி தரும் பாஸ் வாத்தியம் ஒன்று, மூன்றாம் தட்டில் விழும்; கிட்டார் இரண்டு, நான்கில் வெட்டும். அந்த வெட்டு ஒலிக்க, கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) அழுத்திய விரலை அடித்த உடனேயே தளர்த்த வேண்டும். அழுத்தியபடியே வைத்திருந்தால் தந்தி நீண்டு ஒலித்து, மேலே போகும் பிடில் மெட்டைக் குழப்பிவிடும். எல்டன் ஷாம்ப்ளின் இதில் கைதேர்ந்தவர். தட்டுக்குத் தட்டு கார்டை மாற்றி, பாஸ் நகர்வையும் கிட்டாரிலேயே கொண்டுவருவார்.

யார் எப்போது தனியாக வாசிப்பது என்று வில்ஸ் எழுதி வைப்பதில்லை. பிடில் வில்லை நீட்டுவார். நீட்டப்பட்டவர் உடனே தொடங்க வேண்டும். கவனம் சிதறினால் அகப்பட்டுக்கொள்வார். நடுநடுவே 'ஆ-ஹா' என்று கூவி, வாசிப்பவரின் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துவார். தந்தி மீது உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்காரர் லியன் மெக்காலிஃப் பெயரை அமெரிக்கா முழுக்க அறிந்தது இப்படித்தான். 1935இல் முதல் இசைத்தட்டுப் பதிவின்போது தயாரிப்பாளர் ஆர்ட் சதர்லி இந்தக் கூச்சலை நிறுத்தச் சொன்னார். அப்படியானால் பதிவே வேண்டாம் என்று வில்ஸ் கிளம்பத் தயாரானார். அவர் செய்தது சரி. அந்தக் குரலை எடுத்துவிட்டால் குழுவுக்குள் நடக்கும் உரையாடல் போய்விடும்.

'சான் அன்டோனியோ ரோஸ்' 1938இல் வெறும் வாத்திய இசையாக வந்தது. 1940இல் சொற்களோடும் ஊதுகருவிகளோடும் மறுபடி பதிவாகி நாடு முழுவதும் பரவியது. புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பியும் அதைப் பாடினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் வில்ஸ் ஊதுகருவிகளைக் குறைத்தார். ஆனால் அவை வாசித்த பகுதிகளை விடவில்லை. மின் கிட்டார், மின் மாண்டலின், ஸ்டீல் கிட்டார் மூன்றும் சேர்ந்து சாக்சபோன் வரிசை போல ஒரே மெட்டை மூன்று இணைச் சுரங்களில் வாசித்தன. சம்பளப் பட்டியல் சுருங்கியது, இசையின் கனம் குறையவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு மேடைக்கு வராத நாட்கள் அவருக்கு உண்டு. அதைப் பற்றி முறையிட்ட டங்கனை 1948இல் விலக்கியது அவர் செய்த மிகப் பெரிய தவறு. அந்தக் குரலுக்கு ஈடு கிடைக்கவேயில்லை. 1960களில் மாரடைப்பு, 1969இல் பக்கவாதம். 1973 டிசம்பரில் டல்லஸில் பழைய குழுவினரோடு பதிவு தொடங்கிய நாளின் இரவே மீண்டும் பக்கவாதம் வந்தது, பிறகு நினைவிழந்தார். 1975 மே 13இல் காலமானார்.

அவரைக் கேட்க விரும்பும் வாசகர்கள் நிமிடத்துக்கு 78 சுழற்சி சுற்றும் பழைய இசைத்தட்டுகளின் பதிவுகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். தனி வாசிப்புகள் வெட்டுப்பட்டிருக்கும். 1946, 47இல் வானொலி நிலையங்களுக்கென்று பதிவான 'டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ்' தொகுப்பில் அந்த நெருக்கடி இல்லை. நடனக் கூடத்தில் வாசித்தது போலவே விஸ்தாரமாக வாசித்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்