அட்டை இலவசம், அலைச்சல் இலவசமில்லை: குவீன்ஸ் தமிழ் உதவி மேசைக்கு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தமிழர்களுக்கு நகர அடையாள அட்டை வாங்க உதவும் எங்கள் மேசைக்குப் பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

நியூயார்க் மாநகராட்சி 2015 ஜனவரியிலிருந்து கொடுத்துவரும் ஐடிஎன்ஒய்சி என்ற அடையாள அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிலர் கையில் வைத்தும் இருப்பீர்கள். இந்த நகரில் குடியிருந்தால் போதும், 10 வயதிலிருந்து யாரும் வாங்கலாம். விசா என்ன ஆயிற்று, கிரீன் கார்டு இருக்கிறதா என்று கேட்பதில்லை, அட்டையிலும் அதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாங்கிவிட்டார்கள். காசும் கட்ட வேண்டாம். அப்புறம் எதற்கு நன்கொடை என்றுதானே கேட்கிறீர்கள்?

எங்களோடு வந்த ஒரு அண்ணனின் கதையைச் சொல்கிறோம். ஓட்டலில் சமையல் வேலை. அவருடைய இந்திய பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான். நம்மூரில் இனிஷியலை வைத்தே ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம், இங்கே வந்தால் முதல் பெயர் எங்கே, குடும்பப் பெயர் எங்கே என்று இரண்டு கட்டம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவர் விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்திருக்கிறது, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. தனியாகப் போன நாளில் கவுண்டரில் "மிஸ்டர் ஃப்னு, மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் அது வேறு யாரோ என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் சொல்லி எழுந்து போவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

இது பெயரோடு முடிந்துவிடவில்லை. அட்டைக்கு மொத்தம் 4 புள்ளி வரும்படி ஆவணங்கள் காட்ட வேண்டும், நீங்கள் யார் என்பதற்கு 3, இந்த நகரில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு 1. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் முதல் 3 வந்துவிடும். அந்த ஒரு புள்ளிதான் ஆளைக் கொல்கிறது. அண்ணன் நான்கு பேரோடு ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறார், வாடகை ஒப்பந்தம் வேறொருவர் பெயரில், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், போன் நண்பர் பெயரில், சம்பளம் கையில் ரொக்கமாக. அவர் இந்த ஊரில் இருக்கிறார் என்பதற்கு அவர் கை வைத்த சாம்பாரைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. கடைசியில் அவர் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தோம், வேலை முடிந்தது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லாததால் ஒன்றரை வருடம் சும்மா இருந்திருக்கிறார்.

ஈழத்திலிருந்து வந்த முதியவர்கள் பாடு இன்னும் சிரமம். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்துபோயிருக்கும், ஊரில் இருக்கும் சொந்தக்காரர் கச்சேரிக்கு, அதாவது அரசு அலுவலகத்துக்கு, நடையாய் நடந்து ஒரு பிரதி எடுத்து அனுப்பியிருப்பார், அது தமிழில் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அவர் மேல் தப்பில்லை. சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை முதலிலேயே கையில் கொடுத்து அனுப்பினால் இரண்டாம் தடவை அலைய வேண்டாம், பிறகு பிள்ளையின் பள்ளிக்கும் வக்கீலுக்கும் அதே தாள் உதவும்.

மாநகராட்சியின் 2017 ஆம் ஆண்டு சட்டம் எண் 30 பத்து மொழிகளைக் குறித்துவைத்திருக்கிறது, முக்கியமான படிவங்கள் அந்த மொழிகளில் வரவேண்டும். வங்காளம் உண்டு, உருது உண்டு, தமிழ் இல்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்கலாம் என்பது தெரிய வேண்டுமே. அதனால்தான் இந்த உதவி மேசை.

பயத்தைப் பற்றியும் பேசிவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் அதனால்தான் வருவதில்லை. பயம் சும்மா வந்ததும் இல்லை. நாட்டிலேயே முதல்முதலாக இப்படி ஒரு அட்டை கொடுத்த ஊர் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன், 2007இல். வங்கிக் கணக்கு இல்லாமல் ரொக்கத்தோடு நடமாடிய தொழிலாளர்களை "நடமாடும் ஏடிஎம்" என்று சொல்லி வழிப்பறி செய்த காலம் அது. அங்கே நகரசபை திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த இரண்டாம் நாளே குடிவரவு அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து முப்பது பேர் வரை பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படியும் ஜூலையில் அட்டை கொடுக்கத் தொடங்கியபோது சனம் வரிசையில் நின்றது. நியூயார்க்கில் 2016 தேர்தலுக்குப் பிறகு, விண்ணப்பித்தவர்களின் ஆவண நகல்களை அழிக்கக் கூடாது என்று இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், 2017 ஏப்ரலில் ஸ்டேட்டன் தீவு நீதிபதி நகரத்தின் பக்கம், அதாவது அழிக்கலாம் என்று, தீர்ப்புச் சொன்னார். நீங்கள் காட்டும் ஆவணங்களின் நகலை நகரம் இப்போது வைத்துக்கொள்வதில்லை.

அதே சமயம் இல்லாததைச் சொல்லி யாரையும் நாங்கள் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். இந்த அட்டை குடிவரவு அதிகாரிகளிடமிருந்து காப்பாற்றாது. இதை வைத்து வண்டி ஓட்ட முடியாது, விமானம் ஏற முடியாது, வேலை அனுமதியும் இல்லை. பெரிய வங்கிகள் பல இதை மட்டும் நம்பிக் கணக்குத் திறப்பதில்லை. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் காட்டலாம், நூலக அட்டையாக வைத்துக்கொள்ளலாம், போலீஸ்காரர் பெயர் கேட்டால் நீட்டலாம். 2003இல் ப்ளூம்பெர்க் மேயராக இருந்தபோது வந்த 41ஆம் எண் ஆணைப்படி, அவசியமில்லாத இடத்தில் நகர ஊழியர்கள் உங்கள் குடிவரவு நிலையைக் கேட்கக் கூடாது. இதையெல்லாம் ஒரே தாளில் தமிழில் அச்சடித்துக் கடைகளிலும் கோயில், தேவாலய வாசல்களிலும் வைக்கப்போகிறோம்.

சரி, கணக்கு. ஒரு வருடத்துக்கு எங்களுக்குத் தேவை 7,500 டாலர். மாதம் இரண்டு சனிக்கிழமை, தடவைக்கு 100 டாலர் வீதம் மண்டப வாடகை 2,400. ஒன்றுக்கு 30 டாலர் என்று வைத்து 120 ஆவணங்களின் மொழிபெயர்ப்புக்கு 3,600. துண்டுப்பிரசுரம் அச்சடிக்க 900. முதியவர்கள் வந்துபோகும் செலவுக்கு 600. தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது, டீயும் அவரவர் காசு. இதுவரை 1,140 டாலர் சேர்ந்திருக்கிறது, அதில் பாதி ஒரே கடையில் வேலை பார்க்கும் பையன்கள் கொடுத்தது, அவர்களில் மூன்று பேருக்கு இன்னும் அட்டையே வரவில்லை.

30 டாலர் கொடுத்தால் ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் ஆங்கிலமாகும். 10 டாலர் கொடுத்தாலும் கூச்சப்பட வேண்டாம். பிரஜையாகி வீடு வாங்கி நிம்மதியாக இருக்கிறவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம்: நீங்களும் இந்த அட்டையை வாங்குங்கள். குடிவரவுக் காகிதம் இல்லாதவர்கள் மட்டும் வைத்திருக்கும் அட்டையாக ஆகிவிட்டால், அதை நீட்டுவதே காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும். பங்கெடுக்கும் அருங்காட்சியகங்களிலும் தாவரவியல் பூங்காக்களிலும் ஒரு வருட உறுப்பினர் சலுகை இலவசமாகக் கிடைக்கிறது, அந்த ஆசையிலாவது வாங்குங்கள்.

பணத்தைச் சனிக்கிழமை மேசையில் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம், காசோலை என்றால் குழுவின் பெயரில் மட்டும் எழுதுங்கள், தனி ஆள் பெயரில் வேண்டாம். ரசீது கேட்டு வாங்குங்கள். மாதக் கடைசியில் வரவு செலவை மண்டபக் கதவில் ஒட்டுவோம், கொடுத்தவர் பெயரையோ உதவி பெற்றவர் பெயரையோ எங்கும் போட மாட்டோம். தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் போதும், வரும்போது ஒரு கறுப்புப் பேனா எடுத்து வாருங்கள், எங்களிடம் எப்போதும் அதுதான் தட்டுப்பாடு.