ஒரே ஒரு முக்கோணத்த நம்பி பாஸ் பண்ணாதீங்க

தீப்பாறை ஜியோகெமிஸ்ட்ரி கட்டுரைகள ரிவ்யூ பண்ற, எடிட் பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

ரொம்ப நாளா மனசுல இருந்தத சொல்லிடறேன். பத்துப் பன்னெண்டு பசால்ட் (எரிமலைக் கருங்கல்) சாம்பிள், தனிமங்களோட அளவ வச்சு பாறை எங்க உருவாச்சுன்னு சொல்ற ஒரு முக்கோண டயக்ராம், புள்ளியெல்லாம் 'தீவு வளைவு' (கடல் தட்டு கீழ போற இடத்துல வர்ற எரிமலைத் தீவு வரிசை) கட்டத்துக்குள்ள விழுந்துடுச்சு, அதனால இங்க ஒரு காலத்துல கடல் தட்டு இன்னொரு தட்டுக்கு கீழ போய்ட்டிருந்துச்சுன்னு முடிவுரை. இப்படி வர்ற கட்டுரைய தயவுசெஞ்சு அப்படியே விட்டுடாதீங்க.

1973ல பியர்ஸ், கேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க டைட்டானியம், ஸிர்கோனியம், இட்ரியம் அளவ வச்சு இந்த முக்கோணத்த போட்டது பெரிய விஷயம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. அதே வருஷம்தான் பாறையியல் அறிஞர் மியாஷிரோ சைப்ரஸ்ல இருக்கற ட்ரூடோஸ் பாறைகளோட கெமிஸ்ட்ரிய வச்சு, இது நடுக்கடல் முகட்டுல வந்தது இல்ல, தீவு வளைவுல வந்ததுன்னு சொன்னாரு, பயங்கர சண்டை. ஆனா களத்துல போய்ப் பாத்தா டைக் (விரிசல்ல பாறைக்குழம்பு ஏறி உறைஞ்ச சுவர்) பக்கத்துல டைக்கா வரிசையா நிக்குது, கடல் தளம் விரியாம அப்படி வராதே. கடைசில சப்டக்‌ஷனுக்கு, அதாவது தட்டு கீழ போற இடத்துக்கு, மேல விரிஞ்ச கடல் தளம்னு வந்து நின்னாங்க. கெமிஸ்ட்ரி மட்டுமோ களம் மட்டுமோ இருந்திருந்தா பாதிக் கதைதான் கிடைச்சிருக்கும்.

அப்புறம் இந்த நையோபியம் பள்ளம், அதாவது கிராஃப்ல பக்கத்துத் தனிமங்கள விட நையோபியம் கம்மியா தெரியறது; இதையும் வளைவுக்கு அடையாளமா காட்டறாங்க. கீழ போற தட்டுல ரூட்டைல்ங்கற கனிமம் நையோபியத்தையும் டான்டலத்தையும் புடிச்சு வச்சுக்குது, பேரியம் மாதிரியானதெல்லாம் திரவத்தோட மேல ஏறிடுது, சரி. ஆனா கண்ட மேலோட்டுக்கும் அதே பள்ளம் இருக்கே! மேலோட்ட கரைச்சுட்டு வந்த மேக்மாவும் அச்சு அசல் வளைவு மாதிரியே தெரியும். தக்காணத்துல புஷேங்கற லாவா அடுக்கோட பசால்ட்டுகள எடுத்துக்குங்க, சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி அங்க எந்தத் தட்டும் கீழ போகல, மேலோட்டுக் கலப்பு மட்டும் ஏகத்துக்கும் இருக்கு.

சமீபத்துல ஒரு கட்டுரையோட தின் செக்‌ஷன் (மைக்ரோஸ்கோப்புக்காக மெல்லிசா சீவுன பாறைத்துண்டு) படம் பாத்தேன். பிளேஜியோகிளேஸ் கனிமம் மொத்தமும் கலங்கிப் போயி செரிசைட்டுங்கற நுண்ணிய மைக்காவா மாறியிருக்கு, குமிழ் ஓட்டையெல்லாம் குளோரைட்டும் கால்சைட்டும் அடைச்சிருக்கு, அடுத்த பக்கத்துலயே அதே பாறையோட ரூபிடியத்தயும் பேரியத்தயும் வச்சு மேன்டில் (மேலோட்டுக்கு கீழ இருக்கற அடுக்கு) பத்தி ஒரு வாதம்! சுடுதண்ணி ஓடுன பாறைல அந்த ரெண்டும் இருந்த இடத்துல இருக்காதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அப்புறம் எப்படி இது நம்மளத் தாண்டிப் போகுது?

லேப் விஷயமும் கேளுங்க. டங்ஸ்டன் கார்பைடு மில்லுல அரைச்சா டான்டலம் ஏறிடும். கிரானைட்ட திறந்த பீக்கர்ல ஆசிட் ஊத்தி கரைச்சா ஸிர்கோனியம் இருக்கற ஸிர்கான் கனிமம் கரையாமலே அடில தங்கிடும், ஸிர்கோனியம் கம்மியா காட்டும். அந்த நம்பர வச்சு புள்ளி எந்தக் கட்டத்துல விழுந்தா என்ன?

மாணவரோட முதல் கட்டுரையா இருந்தா ரிஜெக்ட் பண்ணிடாதீங்க. முழு டேட்டா டேபிள், எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறையற எடை, பாறை எவ்வளவு மாறியிருக்குன்னு காட்டும்), எப்படி கரைச்சாங்க, எந்த சாம்பிள் எந்த லாவா அடுக்குலேர்ந்து எடுத்தது, இத மட்டும் கேட்டு திருப்பி அனுப்புங்க.