போட் பேட்டரி வேற, லேப்டாப் பேட்டரி வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மண்டபத்துல ஒரு மீன் கம்பெனில கணக்கு எழுதுறவன். எங்க மச்சான் விசைப்படகுல டிரைவர், ஏப்ரல் 15-ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சு போட்ட கட்டிப் போட்டதும் பேட்டரிய கழட்டி வீட்டுக்கு கொண்டு வந்து ஃபுல்லா சார்ஜ் ஏத்தி வச்சிருவாப்ல, நடுவுல இறங்குச்சுன்னா மறுபடி ஏத்துவாப்ல. அதப் பாத்துட்டு நானும் போன வருசம் வேலை இல்லாத அந்த 61 நாளும் என் லேப்டாப்ப நூறு பர்சென்ட் ஏத்தி பரண்ல துணி சுத்தி வச்சுட்டேன், மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, சித்திரை வைகாசி வெக்கை எப்படி இருக்கும்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்கு சொல்லணுமா. ஜூன்ல எடுத்துப் பாத்தா டச்பேடு புடைச்சுக்கிட்டு நிக்குது, மூடி சரியா மூட மாட்டேங்குது. பேட்டரி ஊதிப்போச்சு.

போட்ல இருக்கறது ஈயம் ஆசிட் பேட்டரி, அத ஃபுல்லா வச்சாத்தான் கெடாம இருக்கும், காலியா விட்டா செத்துரும். லேப்டாப்ல இருக்கறது லித்தியம், இத ஃபுல்லாவும் வைக்கக் கூடாது, காலியாவும் விடக் கூடாது. ஃபுல் சார்ஜ்ல செல் ஒண்ணு 4.2 வோல்ட்ல விறைச்சுக்கிட்டு நிக்குமாம், அதோட வெக்கையும் சேந்தா உள்ள கேஸ் உண்டாகி உப்பிரும். 40 டிகிரில நூறு பர்சென்ட்டோட ஒரு வருசம் சும்மா கிடந்தா பேட்டரியோட மொத்த கொள்ளளவுல சுமாரா 65 பர்சென்ட் தான் மிஞ்சும், அதே சூட்டுல 40 பர்சென்ட் சார்ஜோட கிடந்தா 85 மிஞ்சும்ங்கறாங்க. பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி தரைல அலமாரிக்குள்ள வச்சிருந்தா எனக்கு இந்த செலவே இல்ல.

ரிப்பேர் கடைக்காரர் வேற, புது பேட்டரிய முழுசா ஜீரோ வரைக்கும் இறக்கி ஏத்துங்கன்னு சொன்னாரு. அது பழைய நிக்கல் பேட்டரி காலத்து பேச்சு, இதுக்கு அப்படி செஞ்சா தேய்மானம்தான். இப்ப நான் 80-லயே நிக்கிற மாதிரி லிமிட் போட்டு வச்சிருக்கேன் (அந்த லேப்டாப் கம்பெனி ஆப்லயே இருக்கு, இல்லாட்டி லேப்டாப் ஆன் ஆகும்போதே போய்ப் பாக்குற பயாஸ் செட்டிங்ல பாருங்க), 20-க்கு கீழ இறங்க விடறதில்ல. பழைய பேட்டரி எவ்வளவு மிச்சம்னு பாக்கணும்னா விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட்னு சேத்து இங்கிலீஷ்ல (powercfg /batteryreport) அடிச்சா கணக்கு வந்துரும், கடைக்காரர் வாயப் பாக்க வேணாம்.

கரண்ட் இல்லாதப்ப ரொம்ப தின்னுறது ஸ்கிரீன் வெளிச்சம்தான். வாசல் திண்ணைல கடலப் பாத்து உக்காந்தா கூசுற கூச்சத்துக்கு ஃபுல் பிரைட்னஸ் வச்சாத்தான் எழுத்தே தெரியும், உள்ள நிழல்ல உக்காந்தா பாதி போதும். மூடிய மட்டும் மூடுனா ஸ்லீப்ல கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும், செஞ்ச வேலைய டிஸ்க்ல சேமிச்சுட்டு முழுசா ஆஃப் ஆகுற ஹைபர்னேட் போடுங்க. உப்புக்காத்துல சார்ஜர் பின் பச்சை பூத்துரும், அது வேற தலைவலி.

இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு எழுதுறேன்னா, மெயின்டனன்ஸுக்கு கரண்ட் கட்டு என்னைக்குன்னு முதல் நாளே தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி மட்டும் லிமிட்ட எடுத்துட்டு நூறு ஏத்திக்கலாம், மத்த நாளெல்லாம் 80 போதும். கமுதில 648 மெகாவாட்டுக்கு சோலார் வச்சிருக்க மாவட்டம்தான் இது, ஆனா கட்டு கட்டுதானே. அந்த அறிவிப்ப ஏதோ ஒரு உள்பக்கத்து மூலைல பொடி எழுத்துல போடுறீங்க, எங்க கம்பெனில வடை மடிச்ச பேப்பர்ல மறுநாள்தான் பாத்தேன். கொஞ்சம் பெருசா முன்பக்கம் போட்டா நல்லா இருக்கும் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மண்டபம்